துரு படிந்த சட்டை

முதல் அடி ஏசுவடியானின் இடது காதுக்குக் கீழே விழுந்தது. இரண்டாவது எங்கே விழுந்தது என்று கவனிக்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. அதற்குள் முகம் மண்ணில் இருந்தது. வாய் நிறையச் சோயா இலைச் சருகு.

“இது கம்பெனி இடம்டா. இன்னாத்துக்கு உள்ள பூந்தே?”

கேட்டவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. விலாவில் ஓர் உதை வைத்தான். கூட வந்திருந்த மொட்டைத்தலையன் மண்வெட்டிக் காம்பை ஓங்கினான்.

“அண்ணே, ஒரு நிமிசம்.” ஏசுவடியான் சருகைத் துப்பினான். “அடிக்கது அடிச்சுக்கிடுங்க. ஒரே எடத்துல அடிக்காதிய. மத்த எடமெல்லாம் கோவிச்சுக்கிடும்.”

காம்பு இறங்கவில்லை. தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மொட்டைத்தலையன் முழங்காலைக் கட்டிக்கொண்டு பாத்திக்குள் உருண்டான். அவன் நின்றிருந்த இடத்துக்குப் பின்னால் பெருந்தேவி, கையில் ஸ்கூட்டர் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

நாற்பத்தாறு வயது. பன்னிரண்டு வருஷம் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து, ஓர் உயர் அதிகாரியின் கன்னத்தில் அறைந்துவிட்டு வெளியே வந்தவள். இப்போது குன்றத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறாள். அந்த ஆபீஸின் ஒரே ஊழியன் ஏசுவடியான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட வந்து, பதினோரு வருஷம் ஓட்டி, ஆள்குறைப்பில் வேலை போய் இவளிடம் சேர்ந்தவன்.

“அடுத்து யாரு?” என்றாள் பெருந்தேவி.

மற்றவன் ஹெல்மெட்டைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். இரண்டு எட்டு பின்னால் போனான்.

அவர்கள் நின்றிருந்தது வல்லம் வடகாலில், இரண்டு தொழிற்சாலைச் சுவர்களுக்கு நடுவில் மிஞ்சிப்போன நாலு ஏக்கர் கொல்லை. பூச்சிமருந்து கம்பெனி ஒன்று அதைக் குத்தகைக்கு எடுத்துச் சோயா போட்டிருந்தது. சோயா இலையைத் தின்கிற துரு நோய்க்கு ஒரு புது மருந்து கண்டுபிடித்திருந்தார்கள். அதைப் பரிசோதிக்கிற கொல்லை இது. பரிசோதனையைப் பார்த்துக்கொண்ட அதிகாரி விமல்ராஜ் என்ற இளைஞன். நேற்று, வெள்ளிக்கிழமை காலையில், கொல்லை ஓரத்து மழைநீர்க் கால்வாயில் மண்டை பிளந்து கிடந்தான்.

ஒரு மணி நேரத்தில் போலீஸ் ஆளைப் பிடித்துவிட்டது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வெல்டிங் பட்டறையில் வேலை செய்யும் இசக்கியப்பன். முந்தின சாயங்காலம் டீக்கடையில் எல்லார் முன்னாலும் விமல்ராஜின் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தான். பிறகு அவன் இரும்புக் குழாயோடு கொல்லைப் பக்கம் போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகக் கம்பெனியின் ஸ்டோர் சூப்பர்வைசர் சாட்சி சொல்லியிருந்தார். செத்தவன் சட்டையிலோ பழுப்பாகத் துரு. பட்டறை முழுக்கத் துருப்பிடித்த குழாய். போலீசுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நேற்றிலிருந்து இசக்கியப்பன் ஸ்டேஷனில் இருக்கிறான். கைது என்று கணக்குக் காட்டவில்லை, கோர்ட்டுக்கும் கொண்டுபோகவில்லை. யாரையும் பார்க்க விடவில்லை. ஜன்னல் வழியாக அலறல் கேட்டதாக அவன் மனைவி நாச்சியார் ஆபீஸ் படியில் உட்கார்ந்து அழுதாள்.

“அவரு கோவக்காரருதான், இல்லங்கல. ஆனா கோழி அறுக்கணும்னாக்கூட என்னையத்தான் கூப்புடுவாரு அக்கா.”

விமல்ராஜின் பிணத்தை யாரோ செல்போனில் எடுத்து ஊரெல்லாம் அனுப்பியிருந்தார்கள். அந்தப் படத்தைத்தான் பெருந்தேவி விரித்து விரித்துப் பார்த்தாள்.

“குழாயால அடிச்சது தலையில. துரு எங்க இருக்கு பாரு. கழுத்து, முதுகு, இடுப்பு, கால்சட்டை வரைக்கும். அடிச்சவன் அப்புறம் உக்காந்து பவுடர் பூசி விட்டானா?”

அந்தக் கேள்விதான் அவர்களை இங்கே கொண்டுவந்து, ஏசுவடியானுக்கு ஓர் உதையும் வாங்கிக் கொடுத்திருந்தது.

வெள்ளைக் கார் ஒன்று வரப்பை ஒட்டி வந்து நின்றது. இறங்கியவர் வசந்தகுமார். மருந்து கம்பெனியின் மண்டல மேனேஜர். உருண்டுகொண்டிருந்த மொட்டைத்தலையனைப் பார்த்ததும் முகம் சுருங்கினாலும், உடனே சிரித்தார்.

“ஸாரி மேடம். பத்திரிகைக்காரங்களை உள்ள விடாதீங்கன்னு சொல்லி வச்சேன். பசங்க கொஞ்சம் ஓவராப் போயிட்டாங்க.”

“கொஞ்சமா?” ஏசுவடியான் காதைத் தடவினான். “எனக்கு இப்ப ஒரு காதுல தூத்துக்குடி ஹார்பர் சங்கு கேட்டுக்கிட்டு இருக்கு சார்.”

கொட்டகைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் சொம்பில் தண்ணீரோடு ஓடி வந்தார். சாட்சி சொன்ன ஸ்டோர் சூப்பர்வைசர் திருநாவுக்கரசு இவர்தான். அறுபதை நெருங்கும் வயது. அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

“குடிப்பா. ரத்தம் வருது பாரு. இந்த மண்ணுல இன்னும் எத்தினி பேரு ரத்தம் சிந்தணுமோ தெரீல. அந்தத் தம்பி எம் புள்ள மாதிரி மேடம். மத்தியானம் எங்கூடத்தான் சாப்புடும்.” தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பிப் போனார்.

பெருந்தேவி கொல்லையை ஒருமுறை கண்ணால் அளந்தாள். கொல்லையா அது? நெருப்பு தின்றுவிட்டுப் போன மாதிரி இருந்தது. இலைகளெல்லாம் மஞ்சளாகி, பழுப்பாகி, பாதிக்கு மேல் கொட்டிப்போய், குச்சி குச்சியாகச் செடிகள். குனிந்து ஒரு காயைப் பிதுக்கினாள். உள்ளே மிளகளவுக்குச் சுருங்கிய ஒரே ஒரு பருப்பு.

“விளைச்சல் எவ்வளவு வரும் சார்?”

“நோய் இல்லேன்னா ஏக்கருக்கு எட்டு மூட்டை. இதுல ரெண்டு தேறினா அதிர்ஷ்டம். இலை உதிர்ந்துட்டா செடிக்குச் சாப்பாடு இல்லை. காய் எப்படி நிரம்பும்?” வசந்தகுமார் அவசரமாகச் சேர்த்தார். “ஆனா இது மருந்து அடிக்காத பக்கம். மருந்து அடிச்சது அங்க இருக்கு, வாங்க. திங்கட்கிழமை டீலருங்களைக் கூட்டி வந்து காட்டப்போறோம்.”

கிழக்குச் சுவரை ஒட்டிய மூன்று பாத்திகளும் உண்மையிலேயே பச்சைப் பசேல் என்றிருந்தன. கணுவுக்குக் கணு காய். வசந்தகுமார் கல்யாண மாப்பிள்ளையைக் காட்டுகிற மாதிரி கையை விரித்தார்.

ஏசுவடியானின் முகத்தில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. நிமிர்ந்தான். சுவருக்கு மேல் பெரிய தகரக் குழாய் ஒன்று வாயைத் திறந்துகொண்டு இரைந்தது.

“அக்கா, இது நான் வேல பாத்த கம்பெனி ஓவன் காத்துல்லா! உள்ள கார் கதவுக்குப் பெயின்ட் அடிச்சுக் காய வைக்காங்க. மூணு ஷிஃப்டும் ஓடும். மழைக்காலத்துல நாங்க யூனிஃபார்ம இந்தச் சுவத்து மேலதான் போடுவோம். பத்து நிமிசத்துல அப்பளம்.”

பெருந்தேவி மெல்லத் திரும்பினாள். “சட்டை காஞ்சா, இலை மேல விழுந்த பனி காயாதா சார்? நேத்து ஒரு விவசாயக் காலேஜ் வாத்தியாரைக் கேட்டேன். இந்தத் துருங்கிறது ஒரு பூஞ்சையாம். இலை மணிக்கணக்கா ஈரமா இருந்தாத்தான் முளைக்குமாம். இந்தப் பாத்தியைக் காப்பாத்தினது உங்க மருந்து இல்லை. அடுத்த வீட்டு அடுப்பு.”

வசந்தகுமாரின் விரித்த கை அப்படியே தொங்கியது.

“அப்ப மருந்து அடிச்ச மத்த பாத்தி எங்கே?”

வசந்தகுமார் கருகிக் கிடந்த நடுக்கொல்லையைப் பார்த்தார்.

“அதுவும் அடிச்சதுதானா?”

“அடிச்சதுதான்.” குரல் உள்ளே போயிருந்தது. “மருந்து வேலை செய்யலை மேடம். ஆறு வருஷ உழைப்பு. வியாழக்கிழமை விமல் போன் பண்ணினான். ‘திங்கட்கிழமை விழாவை நிறுத்துங்க சார், காரணம் நேர்ல சொல்றேன்’னான். நான் கோயமுத்தூர்ல முந்நூறு டீலருங்க முன்னாடி மேடையில நின்னுட்டிருந்தேன். கத்திட்டு போனை வச்சுட்டேன். மறுநாள் அவன் இல்லை. அதுக்காக நான் கொன்னேன்னு சொல்லாதீங்க.”

“நாங்க சொல்லல சார்,” என்றான் ஏசுவடியான். “ஒங்க ஆளுக காம்புதான் சொல்லுது.”

“இவங்க நேத்து மத்தியானம் வந்தவங்கப்பா!”

பெருந்தேவி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. நடுக்கொல்லைக்குள் இறங்கிவிட்டாள். ஏசுவடியான் விலாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனான். செடிகளை விலக்க விலக்க, இலைகளின் அடிப்பக்கத்திலிருந்து பழுப்புத் தூள் புகையாகக் கிளம்பியது. இருபது எட்டு நடப்பதற்குள் அவனுடைய வெள்ளைச் சட்டை செங்கல் சூளையில் வேலை பார்த்தவன் சட்டை மாதிரி ஆகிவிட்டது. குனிந்து சட்டையைப் பார்த்தான். படத்தில் செத்தவன் உடுத்தியிருந்ததும் இதே நிறம்.

“இரும்புத் துரு இல்லக்கா. இலைத் துரு!”

“ஆமா. அவன் சாஞ்சது கால்வாயில இல்லை. கொன்னவன் இதுக்குள்ள அடிச்சு, மல்லாக்க இழுத்துட்டுப் போயிருக்கான்.”

இழுத்த தடம் அப்போதுதான் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. கால்வாயிலிருந்து ஒரே கோடாக, ஒடிந்த குச்சிகள். அந்தக் கோடு வந்து முடிந்த இடத்தில் இரண்டு பேரும் நின்றார்கள்.

கருகிய கொல்லையின் நட்டநடுவில் ஒற்றை வரிசை மட்டும் பச்சையாக நின்றது. பத்தடி நீளம் இருக்கும். இலையில் ஒரு புள்ளி இல்லை. காய்கள் கொழுத்துத் தொங்கின. வரிசையின் மற்ற பாதி வேரோடு பிடுங்கப்பட்டிருந்தது. குழிகளில் மண் இன்னும் ஈரம் காயவில்லை. ஒவ்வொரு பாத்தியின் தலைமாட்டிலும் வெள்ளைப் பெயின்ட் அடித்து எண் எழுதிய ஒரு இரும்பு முளை உண்டு. ஆறாம் முளை இருந்தது, எட்டு இருந்தது. இங்கே வெறும் துளைதான். துளையைச் சுற்றி மண் கறுப்பாக உறைந்திருக்க, அதில் கட்டெறும்பு மொய்த்தது. ஓரமாக ஒரு மனிதப் பல் கிடந்தது.

ஏசுவடியான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

“சார்!” பெருந்தேவி கூப்பிட்ட குரலில் வசந்தகுமார் செடிகளை மிதித்துக்கொண்டு ஓடி வந்தார். “ஓவன் காத்து இவ்வளவு தூரம் வருமா?”

“வராது.” அவர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஓர் இலையைத் திருப்பினார். “இது... இது மருந்து அடிச்ச இலை. விமல் போன மாசம் ஹெட் ஆபீஸ்ல இருந்து சீல் உடைக்காத பாட்டில் ஒண்ணு கேட்டு வாங்கினான். எதுக்குன்னேன். சும்மா ஒரு சந்தேகம் சார்னான்.”

“அப்ப உங்க மருந்து வேலை செய்யுது. கொட்டகையில இருக்கிற டிரம்ல இருந்ததுதான் மருந்து இல்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் அவன் தன் கையால இந்த ஒரு வரிசைக்கு மட்டும் அடிச்சுப் பார்த்திருக்கான்.” பெருந்தேவி பிடுங்கிய குழிகளைக் காலால் தொட்டாள். “நாலு ஏக்கர் காஞ்சு கிடக்குது. அதையெல்லாம் விட்டுட்டு இந்தப் பச்சையை மட்டும் எவன் புடுங்குவான்?”

“மாடு வச்சிருக்கவன்தான் புடுங்குவான்,” என்றான் ஏசுவடியான்.

வழக்கம் போல வாயில் வந்ததைச் சொன்னவன்தான். சொல்லி முடித்துக் கொட்டகைப் பக்கம் திரும்பினான். அங்கே கட்டியிருந்த திருநாவுக்கரசின் சிவப்புப் பசு பச்சைப் பசேல் என்று எதையோ மென்றுகொண்டிருந்தது.

கொட்டகை வாசலில் திருநாவுக்கரசு கருக்கரிவாளால் வைக்கோல் நறுக்கிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்தார்.

“வாங்க மேடம். டீ போடச் சொல்லட்டுமா? இன்னா இப்பிடித் தூளா கீறீங்க?”

“டீ அப்புறம். மருந்து டிரம் எது?”

சுவரோரம் மூன்று நீல டிரம்கள். பெருந்தேவி ஒன்றின் மூடியைத் திறந்து முகர்ந்தாள். மஞ்சளாக ஒரு திரவம். பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் மக்கை உள்ளே விட்டு மொண்டாள். யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் அதைத் திருநாவுக்கரசின் முகத்தில் வீசினாள்.

“ஐயோ! மேடம், கண்ணு போயிடும்!” வசந்தகுமார் அலறிக்கொண்டு தண்ணீர்க் குழாயைத் தேடி ஓடினார். “கண்ணைத் தொறக்காதீங்க! தேய்க்காதீங்க!”

திருநாவுக்கரசு தேய்க்கவில்லை. மூடவும் இல்லை. துண்டை எடுத்து, வியர்வை துடைக்கிற மாதிரி முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

“முப்பது வருஷமா மருந்தோட புழங்குறவர் நீங்க,” என்றாள் பெருந்தேவி. “உங்க கண்ணுக்காக மேனேஜர் பதறுறார். நீங்க பதறலியே. வெறும் மஞ்சத் தண்ணின்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

பசு மென்றுகொண்டிருந்தது. ஏசுவடியான் அதைக் கட்டியிருந்த முளையிடம் போய், அதில் அப்பியிருந்த சாணியைச் செருப்புக் காலால் தேய்த்தான். உள்ளே வெள்ளைப் பெயின்ட். இன்னும் தேய்த்தான்.

“ஏழு,” என்றான்.

அரிவாள் வந்ததை அவன் பார்க்கவில்லை. காற்றுதான் தெரிந்தது. தலையைக் காக்கக் கையைத் தூக்கினான். முழங்கைக்குக் கீழே தோல் வாய் பிளந்தது. ரத்தம் முதலில் பசுவின் முதுகில் தெறித்தது. பிள்ளை மாதிரி என்று அழுத அந்தக் கிழவரின் முகத்தில் இப்போது எதுவுமே இல்லை. கோபம்கூட இல்லை. வைக்கோல் நறுக்கிய அதே நிதானத்தோடு இரண்டாவது வெட்டுக்குக் கை ஓங்கினார்.

பெருந்தேவி குறுக்கே பாய்ந்தாள். அரிவாள் ஹெல்மெட்டில் சிக்கிக் கிறீச்சிட்டது. அவள் ஹெல்மெட்டோடு சேர்த்து அவர் மணிக்கட்டை முறுக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் ஏசுவடியானுக்குக் கேட்டது. அப்படியும் அவர் விடவில்லை. இடது கையால் அவள் கழுத்தைப் பிடித்துக் கொட்டகைத் தூணில் மோதினார். ஒரு மோதல். இன்னொரு மோதல். அவள் நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. ஏசுவடியான் வெட்டுப்பட்ட கையைத் தொங்கவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்தான். ஃபோர்க்லிஃப்ட் பலகையை முட்டுகிற மாதிரி அவர் வயிற்றில் முட்டினான். மூன்று பேரும் டிரம்மோடு சாய்ந்தார்கள். மஞ்சள் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. குழாயோடு திரும்பி வந்த வசந்தகுமார் என்ன செய்வதென்று தெரியாமல் கிழவரின் கால்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கயிற்றால் கட்டிப் போட்ட பிறகுதான் திருநாவுக்கரசு வாயைத் திறந்தார்.

“தம்பி தம்பின்னுதான் கூப்புட்டேன் மேடம். கால்ல வுழுந்தேன். ரிட்டயராவ ஆறு மாசம் கீதுப்பா, வுட்டுடுன்னு கேட்டேன். மருந்தை இன்னாத்துக்கு வித்தீங்கன்னு திருப்பித் திருப்பிக் கேட்டுகினே இருந்தான். சொல்லிட்டுக் குனிஞ்சு காயை எண்ண ஆரம்பிச்சுட்டான். முளை கைக்கிட்ட இருந்தது. மூணு தபா அடிச்சேன். ரெண்டாவதுலயே போயிட்டான்.”

“மூணாவது எதுக்கு?” என்று கேட்டுவிட்டான் ஏசுவடியான்.

அவர் யோசித்தார். “தெரீல,” என்றார்.

வசந்தகுமார் கிழவரின் காலிலிருந்து எழுந்து, சுவரோரமாகப் போய் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கொலையாளி லாக்கப்பில். முளை மேஜை மேல். ஏசுவடியானுக்குப் பதினாலு தையல். பெருந்தேவியின் நெற்றியில் பெரிய கட்டு.

“நல்ல வேலை பண்ணீங்க மேடம். அந்த ஆளை அனுப்பிடறோம். ஒரு சின்ன ஃபார்மாலிட்டி மட்டும் இருக்கு.”

இரண்டு கான்ஸ்டபிள்கள் இசக்கியப்பனை நடத்திக்கொண்டு வந்தார்கள். நடத்திக்கொண்டு என்று சொல்லக்கூடாது, தூக்கிக்கொண்டு வந்தார்கள். உள்ளங்கால் தரையில் படும்போதெல்லாம் பல்லைக் கடித்தான். ஒரு கண் மூடிப் போயிருந்தது. நாச்சியார் ஓடிப்போய்த் தொட்டாள். எங்கே தொட்டாலும் வலிக்கிறது என்று தெரிந்து கையை எடுத்துக்கொண்டாள்.

“அந்தப் பையன் சட்டையை ஏன் அண்ணாச்சி பிடிச்சிய?” என்று ஏசுவடியான் மெதுவாகக் கேட்டான்.

“போகாதலன்னு சொல்லத்தான் பிடிச்சேன்.” உதடு கிழிந்திருந்ததால் வார்த்தைகள் உடைந்து வந்தன. “மருந்து டிரம்மு அந்த ஸ்டோர் பெரியவரு பைக்ல வெளிய போறத மொதல்ல பாத்தது நான்தான். நான்தான் அவன்ட்ட சொன்னேன். நேரா போயி அவருட்டயே கேக்கப் போறேன்னான். பெரியவரு, மரியாதையாக் கேட்டா ஒத்துக்கிடுவாருன்னான். ஒத்தையில போகாதல, ஒங்க மேனேஜர் வரட்டும்னு உலுக்கினேன். கேக்கல. நேத்துலருந்து இதத்தான் இவுகட்டயும் சொல்லுதேன். யாரும் எழுதல.”

இன்ஸ்பெக்டர் ஒரு தாளை மேஜையில் நகர்த்தினார். விசாரணைக்குத் தானாக வந்ததாகவும், யாரும் தன்னை அடிக்கவில்லை என்றும், போலீஸ் மீது எந்தப் புகாரும் இல்லை என்றும் அதில் எழுதியிருந்தது.

“கையெழுத்துப் போட்டுட்டுப் போகலாம்.”

இசக்கியப்பன் வலது கையை மேஜை மேல் வைத்தான். வெல்டிங் பிடித்த கை. விரல்கள் ஐந்தும் வாழைப்பூ மாதிரி வீங்கி, நடுவிரல் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. பேனாவை எடுக்கப் பார்த்தான். உருண்டு போயிற்று. மறுபடி எடுக்கப் பார்த்தான்.

“பேனா முடியலேன்னா ரேகை வச்சுக்கலாம்யா,” என்று கான்ஸ்டபிள் மைப்பெட்டியைக் கொண்டுவந்தார்.

நாச்சியார் அந்தத் தாளை எடுத்தாள். அவளுக்குப் படிக்க வரும். கடைசி வரி வரைக்கும் படித்தாள். நாலாகக் கிழித்து மைப்பெட்டியின் மேலேயே வைத்தாள். புருஷனின் இடது கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். கான்ஸ்டபிள் தடுக்கப் போனார். ஏசுவடியான் தையல் போட்ட கையோடு அவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டான்.

“இன்னா மேடம் இது?” இன்ஸ்பெக்டரின் குரல் உயர்ந்தது. “கொலைகாரனைப் பிடிச்சாச்சு. கேஸ் முடிஞ்சுது.”

பெருந்தேவி நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். பேனாவை எடுத்து, அவர் பக்கம் வைத்தாள்.

“விமல்ராஜ் கேஸ் முடிஞ்சுது. இசக்கியப்பன் கையை யாரு ஒடச்சதுன்னு நான் புகார் சொல்றேன். எழுதிக்கோங்க.”